92,000 என்று பேசி 1,53,400-க்கு பில்: எதைக் கொடுப்பது, எதை மறுப்பது?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்களுக்கு மாடி வீடு. மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி, கீழே என் மாமியார் படுக்கும் அறையின் கூரை முழுக்க ஓதம். சொந்தக்காரர் மூலம் தெரிந்த காண்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் முழு வேலை, மெட்டீரியல் லேபர் எல்லாம் சேர்த்து 92,000. டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் மட்டும் உங்களுடையது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 40,000 ஜிபேயில், 20,000 கையில் என்று 60,000 கொடுத்தோம். பத்து நாள் என்றது பதினாலு நாள் ஆனது. அதில் இரண்டு நாள் நாங்கள் தேர்ந்தெடுத்த டைல்ஸ் கடையில் வராததால் போனது. இப்போது 1,53,400-க்கு பில் கொடுத்திருக்கிறார். 1,800 என்று தனியாகப் பேசி சர்வீஸுக்கு எடுத்துப்போன கீசரையும் முழுப் பணம் வந்தால்தான் தருவாராம். போலீஸுக்குப் போவேன், டைல்ஸைப் பெயர்த்துவிடுவேன் என்றும் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் கணவர் "கொடுத்துத் தொலை" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. கொடுத்துவிடுவதா, ஒரு பைசா தராமல் நிற்பதா? பில்லின் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. இரண்டும் வேண்டாம். முழுதாகக் கொடுத்தால் நியாயமே இல்லாத கிட்டத்தட்ட 40,000 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும், ஒன்றுமே தராமல் நின்றால் இன்றைக்கு உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அவர் பக்கம் போய்விடும். நுகர்வோர் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் சண்டைக்கு நிற்கிறார்கள், அதற்கு மேலே இருக்கும் வரிகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. நாம் படிப்போம்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது கார்பன் வைத்து எழுதும் சாதாரண பில் புத்தகத்தின் தாள். மேலே பெயரும் செல் நம்பரும், வேறு எதுவும் இல்லை. உள்ளே ஆறு வரிகள்: பேசிய தொகை 92,000. பழைய ஜிஐ இரும்பு பைப்பை எடுத்துவிட்டு டேங்கிலிருந்து சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டது 14,500. இடித்த கழிவை அள்ளியது 6,000. வாட்டர் ப்ரூஃபிங் எக்ஸ்ட்ரா கோட் 9,500. கூடுதல் நாள் கூலி, நாலு நாளைக்கு 8,000. இதுவரை 1,30,000. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 23,400. கடைசியில் சின்ன எழுத்தில் "வரவு 60,000, பாக்கி 93,400". அந்தக் கடைசி வரி உங்களுக்குப் பெரிய சாட்சி. கையில் கொடுத்த 20,000-க்கு உங்களிடம் ரசீது இல்லை, அவர் கையெழுத்தில் இருக்கும் இந்த வரவு மட்டும்தான் இருக்கிறது. திருத்தி எழுதித் தருகிறேன் என்று அவர் கேட்டாலும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

முதலில் அவர் எழுதிய மெசேஜ். "சுமார் 92 ஆகும்" என்றோ "தோராயமாக" என்றோ இருந்திருந்தால் அது வெறும் எஸ்டிமேட், ஓரளவு ஏறி இறங்கலாம் என்று அவர் வாதாட இடமிருக்கும். சதுர அடிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் டேப் பிடித்து அளக்க வேண்டும், நாள் எண்ண வேண்டும். உங்களுக்கு வந்தது அப்படி எதுவும் இல்லை, "முழு வேலை, எல்லாம் சேர்த்து" என்று வந்திருக்கிறது. இது மொத்தக் காண்ட்ராக்ட். வேலை நான்கு நாள் முன்னதாக முடிந்திருந்தால் அவர் 8,000 குறைத்திருக்க மாட்டார், குறைக்கவும் வேண்டியதில்லை. அதனால் இழுத்துப்போனதற்கு ஏற்றவும் முடியாது. ஒப்பந்தம் முத்திரைத் தாளில் இருந்தால்தான் செல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். உங்களுக்கு எழுத்திலேயே இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள், போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனை வைத்திருங்கள், ஏனென்றால் கோர்ட்டில் அதைக் கொடுக்கும்போது இன்ன போனிலிருந்து எடுத்தது என்று சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி கூடுதல் வரிகள். பைப் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "பைப் உள்ளே துருப்பிடித்துப் போயிருக்கு, மாத்திரலாமா என்று போனில் கேட்டார், சரி செய்யுங்கள் என்றேன், எவ்வளவு என்று கேட்கவில்லை" என்று. சுவருக்குள் இருக்கும் பைப் எப்படி இருக்கிறது என்பது கொத்திப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரைப் பிடிக்க முடியாது. கேட்டார், நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், இப்போது அந்தப் பைப்பில்தான் தண்ணீர் வருகிறது. விலையே பேசாவிட்டாலும், ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் செய்துகொடுத்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஈடு என்பது நியாயமான விலைதான், அவர் எழுதியதெல்லாம் விலையாகிவிடாது. பைப்புக்கும் எல்போ, டீ போன்ற சாமான்களுக்கும் கடை பில்லைக் கேளுங்கள். நீங்களும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி டேங்கிலிருந்து பாத்ரூம் சுவருக்குள் நுழையும் இடம் வரை வெளியே தெரியும் பைப்பை அளந்து, உள்ளே போகும் நீளத்தை வேலை நடந்தபோது எடுத்த போட்டோவைப் பார்த்துக் கணக்குப்போட்டு, அந்த நீளத்துக்கும் கடை பில்லில் இருக்கும் நீளத்துக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த விலையும் அதற்கான கூலியும் சேர்த்து 14,500 வரை கொடுக்கலாம். பொருந்தாவிட்டால் பொருந்துகிற அளவுக்கு.

கூலி வரியில் நாலு நாள். அதில் இரண்டு நாள் உங்கள் டைல்ஸ் வராமல் போனது. ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். ஒரு கொத்தனாருக்கு 1,200, சித்தாளுக்கு 800 என்று அவர் போட்ட கணக்குப்படி இரண்டு நாளைக்கு 4,000. அதைக் கொடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அவர்கள் வேறு வேலைக்குப் போகாமல் உங்களுக்காகக் காத்திருந்த நாள் அது. மீதி இரண்டு நாள் அவர் ஆள் அனுப்பாத நாள், அது உங்கள் பொறுப்பில்லை.

வாட்டர் ப்ரூஃபிங் 9,500-ஐ ஒரு ரூபாய்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலையை நீங்கள் கொடுத்ததே ஒழுகலை நிறுத்தத்தான், டைல்ஸ் மாற்றி அழகு பார்க்க இல்லை. மாமியார் அறையின் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் 92,000 என்று விலை சொன்னார். ஒழுகும் பாத்ரூமில் "முழு வேலை" என்றால் டைல்ஸுக்குக் கீழே ஒழுகாமல் பூசுவதுதான் அதில் முதல் வேலை. எத்தனை கோட் தேவையோ அத்தனை கோட்டும் அதில் அடங்கும். இன்னொரு கோட் அடிக்கப்போகிறேன், இவ்வளவு ஆகும் என்று உங்களிடம் அவர் கேட்கவும் இல்லை.

கழிவு அள்ளிய 6,000 கொஞ்சம் இழுபறியான வரி. பழைய டைல்ஸைக் கொத்தி எடுப்பது முழு வேலையில் சேர்ந்ததுதான் என்றால் கொத்தியதை அள்ளிப் போடுவதும் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து. ஆனால் "ரப்பிஷ் அள்ளுவது தனி" என்று குட்டியானை வாடகையை வீட்டுக்காரர் தலையில் போடுவது நிறைய காண்ட்ராக்டர்களிடம் வழக்கமாக இருக்கிறது, உங்கள் மெசேஜில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதற்காக ஒரு வழக்கை இழுக்க வேண்டாம். பேச்சில் விட்டுக்கொடுக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா, அது இந்த வரியாக இருக்கட்டும். பாதி, அதாவது 3,000.

அப்புறம் ஜிஎஸ்டி. கூடுதலில் பெரிய தொகை இதுதான், அநியாயமானதும் இதுதான். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்தப் பெயரில் ஒரு ரூபாய் வாங்கவும் சட்டத்தில் இடமில்லை. பதிவு இருந்தால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று காசில்லாமல் பார்க்கலாம். காம்போசிஷன் என்று, சிறு தொழில் செய்பவர்கள் மொத்த வரவில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. எண்ணே இல்லாத பில்லில் 23,400 கேட்டால் அது அரசாங்கத்துக்குப் போகும் பணம் இல்லை. நாளைக்கே அவர் ஒரு எண்ணோடு வந்தாலும், "எல்லாம் சேர்த்து 92,000" என்று சொன்னவர் வரி தனி என்று சொல்லவில்லை என்பது உங்கள் பதிலாக இருக்கட்டும்.

இப்போது கூட்டுங்கள். 92,000, பைப்புக்கு அதிகபட்சம் 14,500, கூலி 4,000, கழிவுக்கு 3,000. மொத்தம் 1,13,500. கொடுத்தது 60,000. பாக்கி அதிகபட்சம் 53,500, அவர் கேட்கும் 93,400 இல்லை.

பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒழுகல் நின்றதா என்று நீங்கள் கடிதத்தில் எங்குமே சொல்லவில்லை, அவ்வளவு தூரம் பில் உங்களைப் படுத்தியிருக்கிறது. இன்று இரவு பாத்ரூமின் தரைத் துவாரத்தைத் துணியும் பிளாஸ்டிக் கவருமாகச் சுருட்டி இறுக்கி அடைத்து, வாசல்படியில் ஈரத் துணியை அணைபோல வைத்து, ஒரு அங்குலம் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவர் டைல்ஸில் பென்சிலால் ஒரு கோடு. கீழே மாமியார் அறைக் கூரையில் இருக்கும் ஓதத்தின் ஓரத்தைச் சுற்றியும் பென்சிலால் ஒரு கோடு. இரண்டையும் தேதி தெரிய போட்டோ எடுத்துவிட்டு, ஒரு முழு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வைத்துவிடுங்கள். பழைய ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும், அதனால் கூரையில் கறை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கறை பென்சில் கோட்டைத் தாண்டுகிறதா, புதிதாகச் சொட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். தாண்டினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். அப்போது பில்லைப் பேசாமல் முதலில் ஒழுகலைச் சரிசெய்து தரச் சொல்ல வேண்டும், அதுவரை பாக்கியை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

தாண்டவில்லை என்றால், 92,000-இல் மீதி இருக்கும் 32,000-ஐ வரும் சனிக்கிழமைக்குள் வங்கி மூலமாகவோ ஜிபேயிலோ அனுப்பிவிடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா கொத்தனார். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும், ஒரு வீட்டில் படிக்கட்டு கைப்பிடிக்கு 600 ரூபாய் கூடுதலா இல்லையா என்று தகராறு வந்து, வீட்டுக்காரர் அந்த 600-க்காக மொத்த பாக்கியையும் நிறுத்திவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கூலிக்காக நாலு சித்தாள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்ததுதான் அன்றைக்கு அவர்கள் கூலி. உங்கள் காண்ட்ராக்டர் செய்வது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் பேசியபடி சம்பாதித்த பணம் தகராறில் மாட்டக்கூடாது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு எந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்தாலும் "பேசியதை முழுசாகக் கொடுத்துவிட்டேன், கூடுதலுக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்" என்று நீங்கள் நிமிர்ந்து சொல்லலாம்.

பணம் அனுப்பிய உடனே இந்த மாதிரி ஒரு மெசேஜ் போடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்:

"அண்ணாச்சி, வணக்கம். நீங்கள் இன்ன தேதியில் சொன்ன 92,000-இல் 60,000 முன்பே கொடுத்தது, இன்று 32,000 அனுப்பியிருக்கிறேன். பேசிய தொகை இதோடு முழுதும் முடிந்தது. பைப் மாற்றியதற்கு கடை பில்லைக் காட்டுங்கள், அதையும் அதற்கான கூலியையும் தருகிறேன். டைல்ஸ் வராத இரண்டு நாள் கூலி 4,000-மும் கழிவு அள்ளியதில் பாதி 3,000-மும் சேர்த்துத் தருகிறேன். வாட்டர் ப்ரூஃபிங் பேசிய 92,000-இலேயே அடங்கியது, மீதி இரண்டு நாள் கூலியும் ஜிஎஸ்டியும் நாம் பேசியதில் இல்லை, இந்த மூன்றையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீசர் சர்வீஸுக்குப் பேசிய 1,800-ஐ இதோடு தனியாக அனுப்பியிருக்கிறேன், கீசரைக் கொடுத்துவிடுங்கள்."

கீசருக்கு 1,800-ஐத் தனியாக அனுப்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்த பொருளை, அந்த ரிப்பேருக்கான கூலி வரும் வரை கையில் வைத்துக்கொள்ள வேலை செய்தவருக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பொருளில் செய்த வேலைக்கு மட்டும்தான். பாத்ரூம் பாக்கிக்காக கீசரைப் பிடித்து வைக்க முடியாது. "கீசர் சர்வீஸ் கூலி" என்று குறிப்பு எழுதி அந்த 1,800 போய்விட்டால், அதன்பின் கீசரை வைத்திருக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. ஒட்டிய டைல்ஸ் உங்கள் வீட்டின் பகுதி, அதைப் பெயர்ப்பேன் என்பது பணம் வசூலிக்கும் வழி இல்லை, குற்றம். அப்படி ஆள் கூட்டி வந்தால் யோசிக்காமல் 100-க்கு போன் செய்யுங்கள். அவர் போலீஸுக்குப் போனாலும் பயப்பட வேண்டாம். பில் பாக்கி சிவில் விவகாரம், அதை வசூலித்துத் தருவது ஸ்டேஷன் வேலை இல்லை. கூப்பிட்டால் இந்த மெசேஜையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்துக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் அவர் இறங்கி வராவிட்டால் முதலில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்கு போடுவதற்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிப்பார்கள், கட்டணம் இல்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது, விஷயம் அதோடு முடிந்துவிடும். தெரிந்தவர், சொந்தக்காரர் மூலம் வந்தவர் என்பதால் உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அதற்கும் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட விலைக்கு மேல் வாங்குவதைப் புகாருக்கான காரணங்களில் ஒன்றாக நேரடியாகவே சொல்கிறது. உங்கள் கதை அப்படியே அதில் வருகிறது. உங்கள் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். அவர் உங்கள்மேல் சிவில் வழக்கு போடவும் மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது, அதனால் பில், ரசீது, போட்டோ எல்லாவற்றையும் அதுவரை ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் "கொடுத்துத் தொலை" என்பது உங்கள் நிம்மதிக்காகத்தான், தூரத்தில் இருப்பவருக்கு வேறு வழி தெரிவதில்லை. ஆனால் இன்னொன்று அவரிடம் சொல்லுங்கள். மேலே படுக்கை அறைக்கும் அடுத்து வேலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையில் யார் போனில் எதைக் கேட்டாலும் "சரி செய்யுங்கள்" என்று சொல்லாமல், "எவ்வளவு ஆகும் என்று ஒரு மெசேஜ் போடுங்கள், பார்த்துவிட்டு சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மெசேஜ் வந்த பிறகு சரி என்று பதில் போடுங்கள். கழிவு, வரி, கிடைக்காத சாமானால் வீணாகும் நாள், இந்த மூன்றும் யார் கணக்கு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். கடைசி 10,000 ரூபாயை இதேபோல் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை முடிந்த பிறகு தருவதாகவும் அதிலேயே எழுதிவிடுங்கள், நல்ல மேஸ்திரி யாரும் அதற்கு மறுக்க மாட்டார்.

இப்போதைக்கு இன்று இரவு தண்ணீர் நிறுத்துங்கள். நாளை இரவு மாமியார் அறைக் கூரையின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அந்த மெசேஜை அப்படியே போடலாமா, மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.